ஒருவரும் சிரிக்காத அடிக்கல் படம்

அடிக்கல் நாட்டு விழாப் படம் என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பத்திரிகையில் வந்த அப்படிப்பட்ட படங்கள் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறையக் கிடக்கின்றன. பள்ளிவாசல் மதிலுக்கு ஒன்று, மீனவர் கட்டிடத்துக்கு ஒன்று, பாலாவிச் சந்தி பஸ் தரிப்பிடத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் நான் நிற்கிறேன். சும்மா வந்து நின்றதில்லை. மண்ணோ கல்லோ காசோ, என் கையிலிருந்து ஏதாவது போன இடத்தில்தான் நின்றிருக்கிறேன்.

போன மாதம் பாடசாலை மலருக்குப் பழைய படம் தேடி ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பாடசாலைக்கு அடிக்கல் வைத்த அன்று எடுத்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். மேடை, பந்தல், மண்வெட்டி, வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. சிரிப்பைத்தான் காணோம். மௌலவி குனிந்திருக்கிறார். விருந்தாளி வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறார். நான் வேறெங்கோ பார்க்கிறேன். இளம் ஆசிரியர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"ஹாஜியார், அண்டைக்கு யாரும் மவுத்தாகிட்டாங்களா?"

யாரும் சாகவில்லை, அப்படி ஒன்றும் இல்லை என்றேன். என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பு மூட்டை சுமந்து, பிறகு லொறியில் கிளீனராகத் தொங்கி, பிறகு லொறி ஓட்டி, பிறகு லொறி வாங்கி, அந்த லொறியால் தென்னங்காணி வாங்கியவன். படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு வராது. ஆனால் நான் பார்த்ததை என்னைப் போல யாரும் சொல்ல முடியாது.

படத்தின் கீழே எங்கள் எல்லோருடைய பெயரும் போட்டிருக்கிறது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிற பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. அது நிருபர் விட்ட பிழை என்று நினைக்க வேண்டாம். அவர் போய்க் கேட்டார். என் பெயரை எழுத வேண்டிய ஊர் இது இல்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். அதனால் நானும் எழுதப் போவதில்லை. அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நான் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

வடக்கில் சண்டை நடந்த காலம் அது. மன்னார்ப் பக்கத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட நம்முடைய முஸ்லிம் சனங்கள் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். செய்தி கேட்டதும் உப்பு ஏற்ற நின்ற லொறியைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு அந்தக் கரையில் முதலில் நின்ற லொறி என்னுடையதுதான். கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். கிழவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் ஏற்றினேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் மகளின் கையைப் பிடித்தபடி கீழே நின்றார். புருஷன் முன்பே கடலில் இறந்துபோனவராம். முன் ஆசனத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள் ராத்தா என்றேன். அவர் லொறியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இது திரும்பி இந்தப் பக்கம் வருமா என்று கேட்டார். நாளைக்கே வரும் என்றேன். அதற்குப் பிறகுதான் ஏறினார். ஏறியும் முன்னால் வரவில்லை. பின் பலகையில் சாய்ந்து, விட்டு வந்த கடலைப் பார்த்தபடியே பாலாவி வரைக்கும் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் அடங்கிவிடும். ஆனால் அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

என் தென்னங்காணியில் அவர்களை இருக்க வைத்தேன். கம்பும் தென்னோலைக் கிடுகும் நானே இறக்கிக் கொடுத்தேன். ஆளுக்கொரு குடிசை எழும்பியது. ராத்தாவின் குடிசையைப் பார்க்கப் போன எனக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. கம்புகள் ஒன்றும் மண்ணுக்குள் இறங்கவில்லை. பழைய பெயின்ற் தகரங்களில் மணலை நிரப்பி, அதற்குள் கம்பை நிறுத்தி, மேலே கிடுகைக் கயிற்றால் கட்டியிருந்தார். சோளகக் காற்று வந்தால் இது பறக்கும் என்றேன். பறந்தது. முதல் காற்றுக்கே கூரை ஒரு பக்கம் எழும்பி அடுத்த தென்னையில் போய்ச் சாய்ந்தது. அடுத்த நாள் வலைக் கயிறு வாங்கி வந்து நாலு பக்கமும் தென்னைகளோடு இழுத்துக் கட்டினார். அப்போதும் ஒரு முழக் குழி தோண்டவில்லை.

குழி தோண்ட அலவாங்கோடு ஆள் அனுப்புகிறேன், கம்பை ஒழுங்காக நடுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவேயில்லை.

"முதலாளி, உங்கட லொறிக்கு அத்திவாரம் இரிக்கா? அது ஓடுதுதானே."

சுற்றி நின்ற பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் லொறியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டேன்.

அவர் சோம்பேறி இல்லை. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். மற்றவர் நிலத்தில் நாள் முழுவதும் நட்டார், களை பிடுங்கினார். தன் குடிசை வாசலில் ஒரு மிளகாய்க் கன்று வைக்கவில்லை. பக்கத்துக் குடிசைக்காரி முருங்கைக் கம்பு ஒன்றைக் கொடுத்து நட்டுவிடச் சொன்னாள். இலையை உருவிச் சமைத்தார், கம்பைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். மற்றச் சனம் மெல்ல மெல்லக் கம்பை நட்டது, கிணறு இறைத்தது, வாழை வைத்தது. இவர் மட்டும் நேற்று வந்தவர் போலவே இருந்தார், வருஷம் போகப் போக.

இதைக் கேட்டு ரசிக்கிறவர்கள், அவருடைய மகளின் கதையையும் கேட்க வேண்டும்.

மகளுக்கு முந்தலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இறால் பண்ணைக் குடும்பம். நல்ல பையன். நடுவில் நின்று பேசியவன் நான்தான். நான் பேசி முடியாமல் போன கலியாணம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பெண் வீட்டார் வீடு கொடுப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் வாப்பா மரியாதையாகத்தான் கேட்டார், வீடு எப்படி என்று. ராத்தா உடனே சொன்னார், வீடு இருக்கிறது என்று. மூன்று அறை, ஓட்டுக் கூரை, முற்றத்தில் கட்டுக் கிணறு, கிணற்றடியில் மாதுளை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரைக்கும் சொன்னார். எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், சண்டைக்கு நடுவில்.

காணாத வீட்டுக்கு எப்படி மகனை அனுப்புவது என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். காணாத வீடு இல்லை, நான் கண்ட வீடு என்றார் ராத்தா. அதோடு அவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினார்கள்.

திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளை வெளியே வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதே காணியில் கல்லால் வீடு கட்டித் தருகிறேன், உங்களுடைய பிடிவாதத்துக்கு மகளையா பலி கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பிடிவாதம் இல்ல முதலாளி. இஞ்ச ஒரு வீட்ட நான் எடுத்தா, அங்க இரிக்கிற வீட்டுக்கு ஆள் இல்ல என்டு ஆகிடும். பொறகு நாங்க போய் நிண்டா, நீங்க யாரு என்டு கேப்பாங்க."

அந்தப் பிள்ளைக்குப் பிறகு நல்ல இடத்தில் கலியாணம் முடிந்தது என்றாலும், அதுவரை உம்மாவும் மகளும் நெடுநாள் ஒரே குடிசையில் பேசாமல் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு பெண் இவ்வளவு கல் நெஞ்சோடு இருக்கலாமா என்று நான் என் வீட்டில் சொல்லித் திட்டியிருக்கிறேன். என் மனைவி, அந்த ராத்தாவுக்கு இருக்கிற நெஞ்சு உங்களுக்கு இருக்கா என்று கேட்டாள். அது வேறு கதை.

பாடசாலை விஷயம் வந்தது அதற்குப் பிறகு. பிள்ளைகள் என் தென்னைகளுக்கு நடுவில் கிடுகுக் கொட்டிலில் படித்தார்கள். மழை வந்தால் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் காய்ந்த மட்டை விழுந்து ஒரு பிள்ளையின் தோள் எலும்பு உடைந்தது. நானே அங்கும் இங்கும் ஓடி, கொழும்பில் ஓர் உதவி அமைப்பைப் பிடித்தேன். கட்டிடம் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: காணி முழுக்க அந்தச் சனங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அவர்களும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நாளைக்கு எழும்பிப் போய்விடுவார்கள் என்றால் கல் கட்டிடம் எதற்கு, அந்தப் பணம் வேறு ஊருக்குப் போகும் என்றார்கள். நியாயமான கேள்விதான். நான் காணியைத் தருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அந்தக் காணியின் விலை அப்போது என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மார்க்கத்தில் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் தந்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் கை மாறியதாகக் கணக்கு. அடிக்கல் வைக்கிற மேடையிலேயே அதைச் செய்துவிடலாம், அமைப்பிலிருந்து வருகிற விருந்தாளியும் பார்க்கட்டும் என்று மௌலவி சொன்னார். சனத்தின் பக்கம் யார் சொல்வது?

இங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். எதிர்த்துக் கதைக்கிற ஆளை மேடையில் ஏற்றிக் கதிரை போட்டால் அவர் வாய் அடங்கிவிடும் என்பது என் அனுபவம். லொறிக்காரர் கூட்டத்திலும் பள்ளிவாசல் கூட்டத்திலும் அது எனக்குப் பிழைத்ததில்லை. ராத்தாவின் பேச்சைக் கேட்கிற பெண்கள் பாதிப் பேருக்கு மேல். கல் கட்டிடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் சொந்த ஊர் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர் வாயாலேயே ஏற்றுக்கொண்டோம் என்று சொல்ல வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. முதல் மண் வெட்டுகிற மரியாதையும் அவருக்கே என்றேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

விழாவுக்கு முதல்நாள் மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவே என் லொறி நிற்கும் இடத்துக்கு வந்தார். நாளைக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அதைச் சொன்னால் எனக்கு நிலம் எங்கே என்று கேட்டார். இங்கே என்றேன். லொறி டயரைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். சரி, வருகிறேன் என்று போய்விட்டார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விழா அன்று விருந்தாளி நேரத்துக்கு வந்தார். சிங்களம் மட்டும் பேசுகிறவர், நல்ல மனிதர், வெயிலில் வேர்த்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கை காட்டினார். மொழிபெயர்ப்புக்கு நான்தான். லொறியில் ஓடி ஓடிப் படித்த என் சிங்களத்துக்குச் சிலாபத்துக் கடைக்காரர்களே சான்று தருவார்கள். மண் வெட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடிக்கல் தயாராக இருந்தது. சிலாபத்தில் கொடுத்து வெட்டுவித்த கருங்கல். 'இக்காணியை அன்பளிப்புச் செய்தவர்' என்று மேலே, அதற்குக் கீழே என் பெயர், ஹாஜியார் பட்டம் இல்லாத வெறும் பெயர், பெரிய எழுத்தில். என் பெயரைக் கல்லில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குர்ஆன் கிராஅத் ஓதி முடிந்தது. மௌலவி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, கூட்டம் முழுவதும் கேட்கிற மாதிரி, இந்தக் காணியை இந்த மக்களுக்குத் தந்தேன் என்றேன். மௌலவி ராத்தாவைப் பார்த்தார்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். பந்தலில் குழந்தை ஒன்று அழுதது, அதன் உம்மா வாயைப் பொத்தினாள். சொல்லுங்க என்று மௌலவி மெதுவாகச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தரும் அசையவில்லை. நிருபர் படம் எடுத்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன், அல்லது அடுத்த நொடியில்.

"தந்தது என்டு நாங்க எடுக்க ஏலாது," என்றார் ராத்தா. "எங்களுக்குக் காணி இரிக்கி. இத அமானிதமா எடுக்கிறோம். போற நாளையில திருப்பித் தருவோம்."

அமானிதம் என்றால் எங்களுக்குள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தவர் பொருளைப் பழுதில்லாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது. கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழும்பி அடங்கியது. என் அன்பளிப்பை இத்தனை பேருக்கு முன்னால் இரவலாக்கிவிட்டார். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. விருந்தாளி என் பக்கம் சாய்ந்து, அந்த அம்மா என்ன சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் அவர் காரில் ஏறிப் போய்விடுவார், கட்டிடமும் அவரோடு போய்விடும். தோள் எலும்பு உடைந்த அந்தப் பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. ராத்தா தான் சொன்னது பிழை, ஏற்றுக்கொண்டோம் என்று திருத்திச் சொன்னால் எல்லாம் சரியாகும். அவரைத் திருத்தச் சொல்லும்படி மௌலவி என்னைக் கண்ணால் கெஞ்சினார். நான் சொல்லியிருந்தால் அவர் திருத்தியும் இருப்பார், பிள்ளைகளுக்காக. அது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. கிணறும் மாதுளையும் உள்ள அந்த வீட்டை அன்றைக்கு அவர் என் நாக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் விருந்தாளியிடம் திரும்பினேன். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்களாம் என்று சொன்னேன், தடுமாறாத சிங்களத்தில். அவர் கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். ராத்தா மண்வெட்டியை ஓங்கி முதல் மண்ணை வெட்டினார்.

வெட்டின வேகத்தில் மண் விருந்தாளியின் சப்பாத்தில் தெறித்தது. என் காணியில் அவர் வெட்டிய முதல் குழியும் கடைசிக் குழியும் அதுதான். சண்டை முடிந்து பாதை திறந்ததும் முதல் வேனில் ஏறிப் போனார். போகிற அன்று தன் குடிசை நின்ற இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே ஒரு வீடு இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஊரில் வீடு இடிந்துதான் கிடந்ததாம், கிணறு மிச்சம் என்று சொல்லி அனுப்பினார். மகள் போகவில்லை. இங்கேயே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். உம்மா இருக்கும் வரை பார்க்கப் போய் வந்தாள். ராத்தா அங்கே அந்தக் கிணற்றடியிலேயே கண்ணை மூடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த மேடையில் நடந்த மிச்சத்தை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கை தட்டல் ஓய்ந்ததும் என்னையும் விருந்தாளியையும் கல் வைக்கக் கூப்பிட்டார்கள். மேசன் பாஸ் சீமெந்து பரப்பி வைத்திருந்தார். கல்லின் ஒரு பக்கம் பாஸ் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன். இறக்குகிற நேரத்தில் நான் என் பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். உப்பு மூட்டை தூக்கிய கை. எனக்கு அது பாரமே இல்லை. மேசன் பாஸ் பதறிப்போனார்.

"முதலாளி, எழுத்து உள்ளுக்குப் போகுது."

"போகட்டும்," என்றேன்.

விருந்தாளி என்ன என்று கேட்டார். எங்கள் ஆட்களின் வழக்கம் இப்படித்தான் என்று சொன்னேன். அவர் மிகவும் மரியாதையோடு தலையாட்டினார். ராத்தா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நடந்தார். புதுக் கட்டிடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புங்க என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

இப்போது மலர்க்குழுவினர் இன்னொன்றும் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய காணியைக் கொடுத்தவரின் பெயர் பாடசாலையில் எங்கும் இல்லையே, வாசலில் பளிங்குக் கல் ஒன்று வைக்கட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயருக்கு ஆசையில்லாதவன் இல்லை நான். அதை இந்த ஊரே சொல்லும். ஆனால் இரவல் கொடுத்த பொருளுக்கு யாராவது கல் வைப்பார்களா?